நார்ப்பூதத்துக்கு ஈரம் ஜாஸ்தி

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற வழியில் பச்சையம்மாள் நார் மில் என்று ஒன்று இருந்தது. தேங்காய் மட்டையை ஊறவைத்து, மிஷினில் அடித்து, நாராக்கி, களத்தில் காயப்போட்டு, லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். அங்கே வேலை செய்தவர்களைப் போலச் சொன்ன பேச்சுக் கேட்கிற ஜனங்களை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒருமுறை முதலாளி பழனிக்குப் போகும்போது, "நான் வர்ற வரைக்கும் தண்ணி மோட்டார் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பழனியில் சரியான கூட்டம், திரும்ப நாளாகிவிட்டது. வந்து பார்த்தால் களம் குளமாகியிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றபடி மேஸ்திரி பொங்கியண்ணன், "ஒரு நிமிசங்கூட நிறுத்தலீங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

இந்த இடத்துக்குத்தான் சென்னையிலிருந்து பேய்ப்படம் எடுக்க வந்தார் டைரக்டர் இளமுருகு. அவருக்கு அது முதல் படம். மட்டைக் குவியலுக்கு உயிர் வந்து, நார்ப்பூதமாக எழுந்து, மில்லில் வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராக விழுங்குவது கதை. கிராபிக்ஸுக்கெல்லாம் வசதி கிடையாது. ஓர் ஆளுக்குச் சாக்கு மாட்டி, அதன்மேல் தலை முதல் கால்வரை நாரைச் சுற்றி நடக்கவிட்டால் பூதம் தயார். முதலாளி இடத்தையும் நாரையும் சும்மாவே கொடுத்தார். மில் ஆட்களையே நடிக்க வைக்க வேண்டும், வேலையும் நிற்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இளமுருகு சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். பாவம், வெளியூர்க்காரர்.

பூதமாக நடிக்க வந்தவர் பெயர் கோதண்டம். இருபது வருஷமாக சினிமாவில் இருக்கிறார், ஆனால் அவர் முகத்தை எந்தப் படத்திலும் யாரும் பார்த்ததில்லை. கூட்டத்தில் முதுகு, கோர்ட் சீனில் பின்மண்டை, சாவு வீட்டில் துணி மூடிய பிணம் என்று அவர் காலம் ஓடிவிட்டது. அவர் மனைவி ரமணி ஒவ்வொரு படத்தையும் போய்ப் பார்ப்பாள். "அதோ, அந்தத் தோள்பட்டை என்னுது" என்பார் கோதண்டம். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் தோள்பட்டை போய்விடும்.

இந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் பூதத்தின் நார் உரிந்து, உள்ளேயிருந்து ஒரு மனித முகம் வரும். திரை முழுக்க அந்த முகம்தான். அதற்காகவே கோதண்டம் வெறும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடிக்க ஒத்துக்கொண்டிருந்தார். "ரமணி ஒரே ஒரு தடவை என் மூஞ்சியை ஸ்கிரீன்ல பார்த்துட்டா போதும் சார்" என்று சொல்லிவிட்டு அவர் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் இதை எழுதும்போது கொஞ்சம் உறிஞ்சத்தான் வேண்டியிருக்கிறது.

இளமுருகு அவரிடம் ஒரு நிபந்தனை போட்டார். "நாரைச் சுத்தினப்புறம் நீங்க பேசக் கூடாது, முகத்தையும் காட்டக் கூடாது. மில் ஆளுங்களுக்கு உள்ள மனுஷன் இருக்கான்னு தெரிஞ்சா பயம் போயிடும். தெரிஞ்சுதுன்னா அந்தக் கடைசி ஷாட்டையே தூக்கிடுவேன்." கோதண்டம் தன் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்தார். ஆட்கள் வேலைக்கு வருவதற்கு முன்பே ஆபீஸ் ரூமுக்குள் போய் நாரைச் சுற்றிக்கொள்வார், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் அவிழ்ப்பார்.

முதல் நாள் காலையில் டைரக்டர் மில் ஆட்களை நிற்கவைத்துப் பேசினார். "இன்னைக்கு வரப்போறது பூதம். உள்ள ஆள் யாரும் கிடையாது. நீங்க அப்படி நம்பினாத்தான் முகத்துல நிஜமான பயம் வரும். நம்புறீங்களா?"

"நம்பீட்டமுங்க" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். அந்த நிமிஷமே நம்பிவிட்டார்கள்.

கேமரா ஓடியது. மட்டைக் குவியல் சரிந்தது. உள்ளேயிருந்து நார்ப்பூதம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்தது. மேஸ்திரி பொங்கியண்ணன், கயிறு திரிக்கிற மாராத்தா, லோடுமேன் சடையப்பன் மூன்று பேரும் அதை ஏற இறங்கப் பார்த்தார்கள். மாராத்தா அதன் கையைத் தொட்டு ஒரு பிடி நாரைத் தேய்த்துப் பார்த்து, "நல்ல நீள நாருங்க" என்றாள்.

"கட்! ஏன் பயப்படலை?" என்று கத்தினார் இளமுருகு.

"எதுக்குங்க பயப்படோணும்? நாருதானுங்களே" என்றார் பொங்கியண்ணன்.

"உயிர் வந்த நாரு!"

"வரட்டுமுங்க. நல்லதுதானுங்களே. தானா மிஷினுக்கு நடந்து வந்துருச்சுன்னா நமக்குச் சொமக்கிற வேலை மிச்சம்."

இதைக் கேட்டதும் சடையப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது. "மேஸ்திரி, நாரு தானா நடந்து வந்தா லோடுமேன் எதுக்கு? அப்ப என் பொழப்பு?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தார்.

"இதான் நான் கேட்ட பயம்! கேமரா, கேமரா!" என்று டைரக்டர் குதித்தார்.

அதற்குள் மாராத்தா சடையப்பனைத் தேற்றிவிட்டாள். "அட, அழுவாதப்பா. நடந்து வரும், சரி. லாரிமேல ஏறுமா? ஆராச்சும் தூக்கித்தானே போடோணும்?"

சடையப்பன் யோசித்துப் பார்த்தார். நியாயமாகப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபோது கேமரா அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

மத்தியானம் யூனிட்டுக்குப் பிரியாணிப் பொட்டலம் வந்தது. இளமுருகு போனில் பேசிக்கொண்டே, "பூதத்துக்கும் சாப்பாடு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மில் ஆட்கள் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பூதம் என்ன திங்கும்?" என்று கேட்டார் சடையப்பன்.

"இது எதுலருந்து வந்துது?" என்றார் பொங்கியண்ணன்.

"மட்டையிலருந்து."

"மட்டை?"

"தென்னையிலருந்து."

"அப்புறமென்ன? தென்னைக்கு என்ன போடுவமோ அதைப் போடோணும். உப்பு, சாம்பல்."

"சாணி?" என்று கேட்டாள் மாராத்தா.

பொங்கியண்ணன் எட்ட நின்றிருந்த பூதத்தைப் பார்த்துத் தன் தாடையைத் தடவினார். "நோஞ்சானாத்தான் தெரியுது. கொஞ்சம் சாணியும் போட்டா ஊட்டம் புடிக்கும்."

கோதண்டம் காலையிலிருந்து பட்டினி. பிரியாணி வாசனை நாருக்குள் போய் அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. மூன்று பேரும் மண்வெட்டியோடு வந்து அவரைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டினார்கள். உப்புத் தூவி, சாம்பல் போட்டு, கூடைச் சாணியைக் கொட்டிக் குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். அவர் பேச முடியாமல், வாயைக் கையால் காட்டிக் காட்டி ஜாடை செய்தார்.

"மேலயும் ஊத்தச் சொல்லுதப்பா" என்றார் பொங்கியண்ணன். தலையிலும் ஒரு குடம் விழுந்தது. நார் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துக்கொண்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு வானம் மூடிவிட்டது. "வெளிச்சம் வர்ற வரைக்கும் சும்மா உட்காராதீங்க. எப்பவும் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. இயல்பா இருக்கணும்" என்றார் டைரக்டர். பூதம் பசி மயக்கத்தில் மட்டைக் குவியலில் சாய்ந்து கண்ணயர்ந்தது. மாராத்தா அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கை சும்மா இருந்து பழக்கமில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் நார் கிடந்தால் அது தானாகக் கயிறாகிவிடும்.

வெயில் வந்ததும் டைரக்டர் திரும்பிப் பார்த்தார். "பூதத்தோட இடது கால் எங்க?"

"இதோ இருக்குதுங்களே" என்று மாராத்தா ஒரு கயிற்றுச் சுருளைத் தூக்கிக் காட்டினாள். "நல்ல முறுக்கு. கெணத்துக்கே போடலாமுங்க."

கால் இருந்த இடத்தில் வெறும் சாக்குத் தெரிந்தது. சாக்கில் கட்டின நார்தானே என்று மூன்று பேரும் அதைப் பற்றி ஒன்றும் சந்தேகப்படவில்லை. டைரக்டர் தானே உட்கார்ந்து புது நார் எடுத்துக் காலைச் சுற்றினார். அவர் வாய்க்குள் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

அடுத்த காட்சி லாரிக்குப் பக்கத்தில். மில் முழுக்கத் தெரிய வேண்டும் என்று இளமுருகு கேமராவோடு ஆபீஸ் மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டார். ஏறுவதற்கு முன்னால், "பூதம் லாரிகிட்ட வரும். நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. நான் கட் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிஷின் ஓடியது. பூதம் மெதுவாக லாரியை நோக்கி வந்தது. சடையப்பன் தன் வேலையைப் பார்த்தார். லாரிப் பக்கம் நார் வந்தால் அவர் வழக்கமாக என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார். இடுப்பைப் பிடித்து ஒரே தூக்கு. பூதம் மேலே போய் விழுந்தது. பொங்கியண்ணன் தார்ப்பாயை இழுத்து மூடினார். மாராத்தா, சற்று முன் திரித்த கயிற்றாலேயே இழுத்துக் கட்டினாள். டிரைவரும் தன் வேலையைப் பார்த்தார்.

மாடியிலிருந்து "கட், கட்" என்று தொண்டை கிழியக் கத்திய டைரக்டர் கீழே ஓடி வந்தபோது லாரி கேட்டைத் தாண்டிவிட்டது, புழுதிதான் மிச்சம் இருந்தது.

"பூதம் எங்கய்யா?"

"கோயமுத்தூர் குடோனுக்கு லோடு போயிருச்சுங்க."

"நான் கட் சொன்னேனே!"

"மிஷின் சத்தத்துல கேக்கலீங்க. இப்ப சொல்றீங்களா? நாங்க இன்னும் நிறுத்தலை" என்றார் சடையப்பன், அடுத்த லாரிக்கு நாரைச் சுமந்துகொண்டே.

தார்ப்பாய்க்குள் கிடந்த கோதண்டம் ஒரு கூப்பாடு போட்டிருந்தால் டிரைவர் நிறுத்தியிருப்பார். ஆனால் பேசினால் முகம் போய்விடுமே. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கோயம்புத்தூர் வரை போனார். அந்த மில்லுக்கு அவரும் பொருத்தமான ஆள்தான் என்பது என் அபிப்பிராயம்.

குடோனில் சரக்கு எடுப்பதற்கு முன்னால் ஈரம் பார்ப்பார்கள். அதற்கென்று ஒரு மிஷின் உண்டு. அதன் கம்பியை நாருக்குள் செருகினால் எவ்வளவு ஈரம் என்று முள் காட்டும். அன்றைக்கு ஈரம் பார்த்தவர் கம்பியைப் பூதத்தின் விலாவில் செருகினார். குடத்துத் தண்ணீர், ஒரு நாள் வியர்வை, கொஞ்சம் கண்ணீர் எல்லாம் சேர்ந்து முள்ளை அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டன. அவர் பூதத்தை ஒரு தட்டுத் தட்டி, "ஈரம் ஜாஸ்தி. ரிட்டன் எடுத்துட்டுப் போ" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார்.

வழியெல்லாம் கோதண்டம் விசும்பிக்கொண்டே வந்தார். உயரம் பற்றாது, நிறம் சரியில்லை, வயசு அதிகம் என்று எத்தனையோ கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஈரம் ஜாஸ்தி என்று ஒருவரும் அனுப்பியதில்லை.

பூதம் திரும்பி வந்ததில் இளமுருகுக்கு உயிர் வந்தது. மறுநாள் காலை அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் களத்தில் பூதம் மல்லாந்து கிடந்தது. மாராத்தா கவைக்கோலால் அதைப் பதமாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ரிட்டன் வந்த சரக்குங்க. காயப்போட்டுத்தானே மறுபடி ஏத்தோணும்? இந்தப் பக்கம் காஞ்சுருச்சு, அந்தப் பக்கம்தான் பாக்கி."

டைரக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து எழுந்து, கையெடுத்துக் கும்பிட்டு, "படம் தியேட்டருக்கு வர்ற வரைக்கும் நீங்க யாரும் என் கண்ணுலயே படாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் மில் ஆட்கள் அலறியடித்து மட்டைக் குவியலுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள். தலையை நீட்டிப் பார்ப்பார்கள், அவர் திரும்பினால் கண்கள் பிதுங்க உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கேமராமேன் கொஞ்சம் சமயோசிதமான ஆள். சத்தம் போடாமல் அதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார். படத்தில் இருக்கிற பயம் முழுக்க அதுதான்.

ஆள் நடமாட்டம் இல்லாத களத்தில் கடைசிக் காட்சி நிம்மதியாக எடுக்கப்பட்டது. சாயங்கால வெயிலில் நார் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது. உள்ளேயிருந்து கோதண்டத்தின் முகம் வந்தது. இருபது வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்த எல்லாம் அந்த முகத்தில் இருந்தது. டைரக்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மட்டைக் குவியலுக்குப் பின்னால் இருந்தவர்கள், டைரக்டர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால், தலையை நீட்டவே இல்லை.

படம் பொள்ளாச்சியில் ஒரு பழைய தியேட்டரில் வெளியானது. கோதண்டம் சென்னையிலிருந்து ரமணியை அழைத்து வந்திருந்தார். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் தூணுக்குப் பின்னாலிருந்து பொங்கியண்ணன் தலையை நீட்டி, "படம் வந்துருச்சுங்களே, இனிக் கண்ணுல படலாமுங்களா?" என்று டைரக்டரைக் கேட்டார். படலாம் என்றதும் மூன்று பேரும் உள்ளே வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

படம் முழுக்க அவர்கள் அமைதியாக ரசித்தார்கள். பூதம் வரும்போதெல்லாம், "நம்ம சரக்கு, நம்ம சரக்கு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்கள். கடைசிக் காட்சி வந்தது. கோதண்டம் ரமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். நார் உரிந்தது. திரையில் முகம் வந்தது.

"ஐயோ! நாருக்குள்ள ஆளு!" என்று பின் வரிசையில் ஓர் அலறல் கிளம்பியது. சடையப்பன் நாற்காலியைத் தாண்டிக் குதித்தார். மாராத்தா, "மாகாளியாத்தா!" என்று கத்திக்கொண்டு கதவை நோக்கி ஓடினாள். பொங்கியண்ணன் வேட்டி நாற்காலியில் மாட்டிக்கொள்ள, அதை விட்டுவிட்டு டவுசரோடு ஓடினார். தியேட்டர் மொத்தமும் திரும்பி அவர்களைப் பார்த்தது. ரமணியும் திரும்பினாள். அவள் மறுபடி திரையைப் பார்த்தபோது கேமராமேன் பெயர் மேலே போய்க்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா? எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கோதண்டத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே சோடாக் கடை ஓரத்தில் மூன்று பேரும் ஒண்டி உட்கார்ந்து பேசினார்கள்.

"அந்த ஆளு எப்புடி உள்ள போனான்?" என்றாள் மாராத்தா.

"பூதம் முழுங்கியிருக்கும்" என்றார் சடையப்பன்.

"எப்ப முழுங்குச்சு? நாம உப்பும் சாணியும்தானே போட்டோம்?" என்று கேட்ட பொங்கியண்ணன், தாழ்ந்த குரலில் தானே பதிலும் சொன்னார், "நாம போட்ட ஊட்டத்துல உள்ளயே வெளஞ்சிருக்கான்."

அப்போது கோதண்டம் அவர்கள் முன்னால் வந்து நின்றார். மூவரும் பாதி எழுந்துவிட்டார்கள். அவர் அவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "பயப்படாதீங்க, அது நான்தான். மனுஷன்தான். என் மனைவி என் முகத்தை இதுவரைக்கும் ஸ்கிரீன்ல பார்த்ததே இல்லைங்க. அடுத்த ஷோவுக்கும் கூட்டிட்டுப் போறேன். தயவுசெஞ்சு கத்தாதீங்க, ஓடாதீங்க. அந்த முகத்தைப் பார்த்து ஜனங்க யாரும் பயந்து திரும்பாம இருந்தாப் போதும்."

மாராத்தாவுக்கு மனசு இளகிவிட்டது. "ஐயோ பாவம், உங்களுக்கா சாணி போட்டோம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு இட்லி வச்சிருப்பமே" என்றாள்.

பொங்கியண்ணன் வாக்குக் கொடுத்தார். "கத்த மாட்டமுங்க. ஓட மாட்டமுங்க. சனம் பயப்படாமப் பாத்துக்கறது எங்க பொறுப்புங்க."

கோதண்டம் போன பிறகு அவர்கள் அதைப் பற்றித் தீவிரமாக ஆலோசித்தார்கள். நாம் மூன்று பேர், பூதத்தோடு பழகியவர்கள், நமக்கே குலை நடுங்கியதே, முன்பின் தெரியாத சனம் என்ன பாடுபடும் என்று கவலைப்பட்டார்கள். சடையப்பன் அவர்கள் வந்திருந்த மில் லாரிக்கு ஓடிப்போய் டிரைவர் போர்த்திக்கொள்கிற கருப்புக் கம்பளியை எடுத்து வந்தார்.

அடுத்த ஷோ. கடைசிக் காட்சி. நார் உரிய ஆரம்பித்ததும், பொங்கியண்ணனும் சடையப்பனும் சத்தமில்லாமல் நடந்து போய்த் திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறினார்கள். முகம் வருகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு முனையாகக் கம்பளியைப் பிடித்து, கையை எட்டிய மட்டும் உயர்த்தினார்கள். அவ்வளவு பெரிய முகத்துக்கு அந்தக் கம்பளி எந்த மூலைக்கு? மூக்குக்குக் கீழே குறுக்கே ஒரு பட்டையாக நின்றது. கம்பளி கனம் தாங்காமல் நடுவில் தொய்ந்தது. இரண்டு முனையும் கன்னத்தில் மேல்நோக்கி வளைந்து நின்றன.

யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை. தியேட்டரில் விசில் பறந்தது. கண்ணாடிக்குள் ரமணியின் கண்கள் விரிந்தன. நெற்றி, புருவம், ததும்புகிற கண்கள், மூக்கு எல்லாம் திரை முழுக்க அவள் புருஷனுடையது.

"நீங்கதாங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "சத்தியமா நீங்களேதான்."

கோதண்டம் தலையை ஆட்டினார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள்.

"மீசை எப்பங்க வச்சீங்க?"

கோதண்டம் திரையைப் பார்த்தார். கம்பளிக்குக் கீழே பொங்கியண்ணன் கை வலியைப் பொறுத்துக்கொண்டு விறைப்பாக நிற்பது தெரிந்தது. சடையப்பன் கை கொஞ்சம் நடுங்கியதில் மீசையின் ஒரு நுனி துடித்தது.

"மேக்கப்" என்றார் கோதண்டம்.